சால்வைச் சங்கத்துக்கு ஒரு பக்கம்

ஓரிக்கை,
சித்திரைக் கடைசி.

அன்புள்ள அபிக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, வெயிலுக்குப் பயந்து ஆட்டோவை மாலையில் மட்டும் எடுக்கிறார். நீ அனுப்பிய ஸ்வெட்டரை இந்த வெயிலில் என்ன செய்வது, பீரோவில் வைத்து அழகு பார்க்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துவிடுவாய், எனக்குக் கோபம் ஆறிவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லாம் நம் ஓட்டல், லாட்ஜ் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் தேவேந்திரனால் வந்தது. லீவு நாளெல்லாம் நீ எழுதுகிறாயே அந்த இணையக் கலைக்களஞ்சியம், அதில் அவனே சங்கத்துக்கு ஒரு பக்கம் போட்டுவிட்டான், இவ்வளவு சின்னச் சங்கத்துக்குப் பக்கம் எதற்கு, எடுத்துவிடலாம் என்று அங்கே பேச்சு நடக்கிறது. நான் லாட்ஜில் ரூம் பெருக்கிக்கொண்டிருக்கும்போது வந்து நிற்கிறான், இன்னாக்கா, உன் பொண்ணு அதுலதான எழுதிக்கினு இருக்குது, ஒரு வார்த்தை சொன்னா பக்கம் நின்னுடும்க்கா என்று. உன்னைக் கேட்டால், அம்மா உறுப்பினராக இருக்கும் சங்கத்தைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது, வேண்டுமானால் பேப்பரில் வந்த செய்திகளை அனுப்பு என்கிறாய். நல்ல விதிதான். இங்கே சொந்தக்காரர் இல்லாத விஷயத்தில் யாருமே வாய் திறப்பதில்லை.

சரி என்று அவனிடம் செய்திகளைக் கேட்டேன். ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவந்து கொட்டினான். அபி, எல்லாவற்றிலும் ஒரே படம்தான். தேவேந்திரன் யாருக்கோ சால்வை போர்த்துகிறான். புது இன்ஸ்பெக்டர் வந்தால் சால்வை, அவரே மாற்றலாகிப் போனால் இன்னொரு சால்வை, லாட்ஜ் முதலாளிக்குப் பிறந்தநாள் என்றால் சால்வை, அவர் பேரனுக்குக் காது குத்தினால் அதற்கும் சால்வை. அதுவும் ஊர் உலகத்துக்கே பட்டு கட்டிவிடுகிற இந்த ஊரில், பளபளவென்று ஒரு பாலியெஸ்டர்த் துணி. சங்கத்தின் பெயர் எங்கே என்று தேடினால் படத்துக்குக் கீழே, "சார்பில்" என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போர்த்தினவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அவன் போட்ட பக்கத்தை அப்பா படித்துக் காட்டினார், தொழிலாளர் வாழ்வின் விடிவெள்ளி என்று தன்னைப் பற்றித் தானே எழுதியிருக்கிறான். கக்கூஸ் கழுவுகிற எங்களுக்கு ஒரு ஜோடி கையுறை கேட்டு வாங்கித் தர வக்கில்லை, விடிவெள்ளியாம். பந்திக்கு முந்துவான், படைக்குப் பிந்துவான்.

போன வாரம் நடந்ததைக் கேள். பக்கத்து லாட்ஜில் ரூம் பெருக்கும் இந்திராணியை, கல்யாணத்துக்கு வந்த ஒரு அம்மாவின் கம்மலைக் காணோம் என்று பழி போட்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே சங்கத்துக்குப் போயிருக்கிறாள். இவன் செல்லிலிருந்து தலையைத் தூக்காமல், கொஞ்சம் பொறும்மா, நம்ம பக்கத்துக்கு ஆபத்து வந்துக்கினு இருக்குது, அத்த முதல்ல பாக்கணும் என்றானாம். அவள் வந்து சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஏன் என்று உனக்குத் தெரியாது. நீ ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது, அம்மா ஆம்பூர் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, அன்று நான் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தேன். முகூர்த்தப் பட்டெடுக்க வந்து எங்கள் லாட்ஜில் தங்கியவர்களின் சேலையைக் காணவில்லை, ரூமுக்குள் போனவள் நான்தான் என்று பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். அன்று கருட சேவை, பெருமாளைப் பார்க்க ஊர் கொள்ளாத கூட்டம். அப்போது செயலாளர் தோசை மாஸ்டர் அப்பாதுரை அண்ணன். கிரேஸ் வெளியே வர்ற வரைக்கும் ஊர்ல ஒரு அடுப்பு எரியக் கூடாதுப்பா என்று கடை கடையாகப் போய்ச் சொல்லிவிட்டார், ஒரு அடுப்பும் எரியவில்லை. மதியத்துக்குள் முதலாளியே ஸ்டேஷனுக்கு ஓடிவந்தார். அந்தச் சேலை எங்கே இருந்தது தெரியுமா? முந்தானைக்குக் குச்சம் கட்டத் தாங்களே கடையில் கொடுத்துவிட்டு மறந்திருக்கிறார்கள்.

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. கருட சேவையில் டீ கிடைக்காமல் பக்தர்கள் அவதி என்று போட்டார்கள். சங்கத்தின் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை, எதற்காக அடுப்பு எரியவில்லை என்பதும் இல்லை. உங்கள் கலைக்களஞ்சியத்து ஆட்களுக்குப் பேப்பரில் வந்தால்தான் அது நடந்தது. சால்வை போர்த்தினதற்குப் பை நிறையச் சாட்சி இருக்கிறது, என்னை வெளியே கொண்டுவந்ததற்கு ஒரு துண்டுச் சாட்சி இல்லை. நல்ல களஞ்சியம்.

ஆனாலும் என்னைக் கேட்டால், அந்தப் பக்கத்தை எடுக்கட்டும். நீ ஒன்றும் சொல்லாமலே இரு. அப்பாதுரை அண்ணன் சங்கத்துக்குத் தகுதி இருந்தது, அது அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது. இவன் சங்கத்துக்கு அந்தச் சால்வையே அதிகம். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. செயலாளர் பதவிக்கு நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன், இந்திராணிதான் முன்மொழிகிறாள். அப்பா முதலில் முறைத்தார், பிறகு எல்லோரையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குகிறேன் என்றார்.

தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி தயிர் சாப்பிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, எந்தக் குறையும் இல்லாமல் நீ நிறைந்து வாழ வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. இந்த வருடக் கருட சேவைக்கு மறுநாள் நம் ஊர்ப் பேப்பரை நெட்டில் எடுத்துப் பார். அன்றும் டீ கிடைக்காது. இந்த முறை சங்கத்தின் பெயரையும் இந்திராணியின் பெயரையும் பேப்பர்காரர் கையில் நானே எழுதிக் கொடுப்பேன்.

உன் அம்மா,
இ. கிரேஸ்