பென்ஃபோல்ட் நடைபாதையில் கட்டிய சிவப்பு நாடா குறித்து

அனுப்புநர்:
செல்வநாயகி ஆனந்தராசா,
மவுண்ட் ஆல்பர்ட், ஆக்லாந்து.

பெறுநர்:
நடைபாதைகள் பொறுப்பதிகாரி அவர்கள்,
கிராமப்புறப் பூங்காக்கள் அலுவலகம்,
ஆக்லாந்து.

விடயம்: என் கணவர் ஆனந்தராசா பென்ஃபோல்ட் கிராம நடைபாதைக்குள் இரண்டு வருடங்களுக்கு நுழையக்கூடாது என்று 02.05.2018 அன்று எங்களுக்குக் கிடைத்த தங்கள் கடிதத்தை மீளப்பெறக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தின் அடியில், அவரவர் மொழியில் பதில் எழுதலாம் என்று பதினான்கு மொழிகளில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதில் தமிழும் இருக்கிறது. எனக்கு ஆங்கிலம் வேலைக்குப் போதும், கோபத்துக்குப் போதாது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். இதை மொழிபெயர்ப்பவர் எவராயினும், தயவுசெய்து எதையும் மென்மையாக்க வேண்டாம். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள் என்பதால் ஒன்பது நாட்கள் பொறுத்திருந்தேன். ஆத்திரம் குறையவில்லை.

1. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். என் கணவர் ஒனிஹங்காவில் ஒரு களஞ்சியசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மகள் பிரணவிக்கு எட்டு வயது. இலங்கையின் வன்னியிலிருந்து 2012இல் இங்கு வந்தோம். இத்தனை வருடங்களில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் குற்றக் கடிதம் தங்களுடையதுதான்.

2. சென்ற வருடம் நூலகத்தில் தங்கள் அலுவலகத்தின் சிறு கைநூல் ஒன்று கிடைத்தது. குடும்பத்தோடு நடக்கக்கூடிய ஏழு கிராமப் பாதைகள் அதில் உள்ளன. பென்ஃபோல்ட் அவற்றில் மூன்றாவது. தேவாலயத்தின் பின்னால் தொடங்கி, செம்மறிகள் மேயும் புல்வெளியின் ஓரமாக, சிறிய மரப்பாலம் தாண்டி, இந்த நாட்டுக்கே உரிய கவுரி மரங்களைச் சுற்றித் தொடங்கிய கதவுக்கே வந்து சேரும் இரண்டரைக் கிலோமீட்டர். தள்ளுவண்டியும் போகும், சிறு பிள்ளைகளுக்கு உகந்தது, இங்கிலாந்தின் கிராமம் ஒன்றில் நடப்பது போலிருக்கும் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. ஆனால் பென்ஃபோல்ட் அழகான இடம், அதில் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை.

3. என் கணவரைப் பற்றித் தங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து 2010இல் எங்களைச் சொந்தக் காணிகளில் மீளக் குடியேற்றினார்கள். மிதிவெடி இருக்கும் இடங்களைச் சிவப்பு நாடா கட்டி, சிவப்புப் பலகை நட்டு அடையாளப்படுத்தியிருந்தார்கள். கணவருடைய அண்ணன் சுந்தரமூர்த்தியின் காணியிலும் ஒரு பக்கம் நாடா இருந்தது. சீருடை அணிந்த ஒருவர் வந்து, அது பழைய நாடா, துப்புரவு செய்து முடிந்துவிட்டது, தாண்டிப் போகலாம் என்றார். அண்ணன் நம்பினார். வெடித்தபோது கிணற்றடிக்கு இன்னும் பத்து அடி இருந்தது. என் கணவர் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தார்.

4. அதன் பிறகு அவர் தார் வீதியையும் சீமெந்தையும் விட்டு இறங்குவதில்லை. ஆக்லாந்தில் எங்கள் வீட்டுப் பின்வளவுப் புல்லை நான்தான் வெட்டுகிறேன். பென்ஃபோல்டுக்கு முதல் இரண்டு தடவை வந்தபோது அவர் காரைவிட்டு இறங்கவில்லை. மூன்றாம் தடவை கதவுவரை வந்தார். அடுத்தது பாலம்வரை. மகளைத் தனக்குப் பின்னால், தன் காலடித் தடத்திலேயே கால் வைத்து வரச் சொல்லுவார். அவளும் விளையாட்டென்று நினைத்து அப்படியே வருவாள். தை மாதத்தில் முழுச் சுற்றும் நடந்தார். பங்குனியில் ஒரு சனிக்கிழமை பிரணவி செம்மறிக்குட்டியைக் கண்டு அவரைத் தாண்டி முன்னால் ஓடினாள். அவர் அவளைத் திருப்பிக் கூப்பிடவில்லை. அன்று காருக்குள் வந்து நான் அழுதேன். வைத்தியர்களும் மாத்திரைகளும் ஐந்து வருடத்தில் செய்யாததைத் தங்கள் நடைபாதை ஏழு மாதத்தில் செய்தது. தங்களுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டுமென்று நினைத்திருந்தேன். எழுத நேர்ந்தது இதுதான்.

5. 14.04.2018, சனிக்கிழமை. எங்களுக்குச் சித்திரை வருடப்பிறப்பு. எங்கள் மூவருடன் மலேசியத் தமிழரான பீட்டர் குடும்பமும் இன்னொரு குடும்பமுமாகப் பதின்மூன்று பேர் போயிருந்தோம். கதவடியில் புதிதாக ஓர் அறிவித்தல் இருந்தது. கவுரி மரங்களின் வேரைக் கொல்லும் நோய் மண்ணில் பரவுகிறது, பாதணியில் ஒரு துளி மண்கூட உள்ளே போகக்கூடாது என்றது. பக்கத்தில் ஒரு தூரிகையும் மருந்துப் போத்தலும் இருந்தன. தேய்ப்பதைவிடக் கழற்றுவதே சுத்தம் என்று எனக்குத் தோன்றியது. சுத்தமாக இருக்க வேண்டிய இடத்துக்குள் செருப்போடு போவதில்லை என்பது எங்கள் வளர்ப்பு. நான்தான் எல்லோரையும் கழற்றச் சொன்னேன். பதின்மூன்று சோடியையும் கதவுக்கு வெளியே வரிசையாக வைத்தோம். வருடப்பிறப்புக்கு வாங்கிய பிள்ளைகளின் புதுச் சப்பாத்துகளும் அதில் இருந்தன. என் கணவரும் கழற்றினார். எட்டு வருடங்களுக்குப் பிறகு வெறுங்காலை மண்ணில் வைத்தார். வெறுங்காலிலும் மண் ஒட்டும் என்று பின்னர் ஒருவர் விளக்கினார். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். மரம் சாகக்கூடாது என்பதில் உங்களுக்கு இருக்கும் அக்கறை எங்களுக்கும் உண்டு.

6. நாங்கள் உள்ளே போன பிறகு, தங்கள் அலுவலகம் அமர்த்திய ஒப்பந்தப் பணியாளர் பாதையை மூடுவதற்கு வந்திருக்கிறார். கதவடியில் பதின்மூன்று சோடிச் செருப்பைப் பார்த்து, யாரோ கொட்டிவிட்டுப் போன குப்பை என்று முடிவு செய்து, பைகளில் கட்டிக் குப்பை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஐயா, வாசலில் செருப்புக் கிடந்தால் வீட்டுக்குள் ஆள் இருக்கிறது என்பது எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். சின்னதும் பெரிதுமாக வரிசையாக அடுக்கியிருந்தோம். குப்பையை யார் அப்படி அடுக்குகிறார்கள்? உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று ஒரு சத்தம் கொடுத்துப் பார்த்திருக்கலாம். அதையும் செய்யாமல் கதவுக்குக் குறுக்கே சிவப்பு நாடாவைக் கட்டி, சிவப்புப் பலகையையும் நட்டுவிட்டு, தன் வாகனத்துக்குள் போய் இருந்துவிட்டார்.

7. மாலை மூன்றே முக்காலுக்கு நாங்கள் கதவுக்குத் திரும்பினோம். மற்றவர்கள் நாடாவுக்குக் கீழே குனிந்து வெளியே வந்துவிட்டார்கள். நானும் வந்துவிட்டேன். அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். என் கணவர் நாடாவைக் கண்ட இடத்திலேயே நின்றுவிட்டார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். பணியாளர் இறங்கி வந்து, இது வெறும் நாடாதானே, தாண்டி வாரும் என்றார். அவர் போட்டிருந்ததும் ஒரு சீருடைதான். பீட்டர் எவ்வளவோ கெஞ்சினார். என் கணவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்:

"நாடா கட்டியிருக்கு. நான் தாண்டமாட்டன். பிள்ளையையும் விடமாட்டன்."

பீட்டர் அதை ஆங்கிலத்தில் சொல்லி, காரணத்தையும் சொல்லி, முடிச்சை அவிழ்த்துவிடுங்கள், அவர் நடந்து வந்துவிடுவார் என்று கேட்டார். கட்டத்தான் எனக்கு உத்தரவு, அவிழ்க்க உத்தரவில்லை என்றார் பணியாளர். நாங்கள் அவிழ்க்கப் போனபோது, தொட்டால் பொலிசைக் கூப்பிடுவேன் என்றார். ஒரு மணி பத்து நிமிடம், தூறலில், வெறுங்காலோடு அவர்கள் இருவரும் நின்றார்கள். இருட்டுவதற்கு முன் நாயோடு நடக்க வந்த அந்தக் கிராமத்துப் பெண்மணி ஒருவர் எங்களிடம் விசாரித்தார். யாரிடமும் அனுமதி கேட்காமல் முடிச்சை அவிழ்த்து, நாடாவைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வழிவிட்டு நின்றார். என் கணவர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

8. பதினெட்டு நாட்களின் பின் தங்கள் கடிதம் வந்தது. மூடிய பகுதியைவிட்டு வெளியேறுமாறு நான்கு தடவை கூறியும் மறுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது போகட்டும். "சிறுமி ஒருத்தியை வெளியேறவிடாமல் தடுத்து வைத்திருந்தார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியை எழுதியவர் எங்களில் ஒருவரையாவது கேட்டாரா? பிரணவியைக் கேட்டாரா? தன் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நின்ற தகப்பனைப் பிள்ளை பிடிக்கிறவனாக்கி ஒரு கோப்புக்குள் வைத்திருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியவள் நான். இந்த வரியை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.

9. இப்போது சனிக்கிழமைகளில் அவர் நடப்பது வெஸ்ட்கேட் கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில். தாருக்கு மேல், வெள்ளைக் கோடுகளுக்குள். மகள் மறுபடியும் அவருக்குப் பின்னால் வருகிறாள். அவளுக்கு அது விளையாட்டில்லை என்று இப்போது தெரியும்.

10. எய்தவர் இருக்க அம்பை நோவதில் பயனில்லை. ஆகவே அந்தப் பணியாளரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. தொலைந்த செருப்புகளுக்கு நட்டஈடும் கேட்கவில்லை. மரங்களுக்காகப் பாதையை மூடினால் மூடுங்கள், திறக்கும்வரை காத்திருப்போம். நான் கேட்பவை இரண்டுதான். தடைக் கடிதத்தை மீளப்பெற வேண்டும். மகளைப் பற்றிய அந்த வரி கோப்பிலிருந்து நீக்கப்பட்டு, நீக்கப்பட்டது என்று என் கணவரின் பெயருக்குத் தங்கள் கையொப்பத்துடன் எழுத்தில் வர வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் அவர் நம்பமாட்டார். ஏன் என்று மூன்றாம் பந்தியில் எழுதியிருக்கிறேன்.

பதினான்கு நாட்களுக்குள் பதில் வராவிட்டால், பதில் வரும்வரை தங்கள் அலுவலகத்தின் முன்கூடத்தில் வந்து அமர்ந்திருப்பேன் என்பதையும் பணிவுடன் அறியத்தருகிறேன்.

இறுதியாக ஒன்று. தங்கள் அறிவித்தலை மீறியதற்காக என் கணவரைத் தண்டித்திருக்கிறீர்கள். அன்று தங்கள் நாடாவைத் தாண்டிப் போனவர்கள் நாங்கள் பதினொரு பேர். எங்களில் ஒருவருக்கும் கடிதம் வரவில்லை. தாண்டாமல் நின்றவருக்குத்தான் வந்திருக்கிறது. தாண்டியது குற்றமென்றால் முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

நியாயத்தை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
செல்வநாயகி ஆனந்தராசா

இடம்: மவுண்ட் ஆல்பர்ட், ஆக்லாந்து
திகதி: 11.05.2018