மஞ்சள் லேஸ்

டாலிகஞ்ச்,
3 ஜூன் 2024

அன்புள்ள சாதனாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் மெயிலில் எழுதுகிறேன். படிக்காமல் அழித்துவிடாதே.

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் சாவித் துவாரம் அளவுக்குத்தான் பார்வை. அதுவும் ஒன்றிரண்டு மாதம்தான் என்கிறார் டாக்டர். வெளிறிய நிறம் எதுவும் தெரிவதில்லை. வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் போட்டால் தடவிப் பார்க்கிறார்.

அதற்குள் உன் முகத்தை அவருக்குக் காட்டிவிட வேண்டும். கனடாவில் நீ டிஜிட்டல் ஆல்பங்களுக்கு அலங்காரம் வரைந்து விற்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். உன் தளத்தில் இலவசமாக இருந்த லேஸ் ஓவர்லேயை, அதுதான் படத்தின் மேல் போர்த்தும் பின்னலை, இறக்கி, அங்கேயே இருந்த உன் போட்டோவின் மேல் வைத்தேன். பள்ளி மலருக்குப் பக்கம் கட்டிய பழக்கத்தில் போட்டோஷாப் எனக்குக் கொஞ்சம் வரும். கண்ணாடித் தாளில் பின்னியது போல அழகாக உட்கார்ந்தது. ஆனால் லேஸ் வெள்ளை. திரையில் காட்டினால், "வெறும் வெளிச்சமாத்தான் இருக்குடி" என்கிறார். நிறம் ஊற்றினால் பக்கம் முழுவதும் நீலமாகி உன் முகமே மூடிப்போகிறது. நாலு நாளாக முட்டிக்கொள்கிறேன். எப்படிச் செய்வது என்று மட்டும் சொல், கண்ணா.

உன் அம்மா,
வசுமதி


ஹாமில்டன்,
9 ஜூன் 2024

அம்மா,

லேயர் பட்டியலில் லேஸைத் தேர்ந்தெடு. அதற்கு மேலே சதுரங்கப் பலகை போல ஒரு சின்னக் குறி இருக்கும். அதை அழுத்தினால் வெற்றிடங்கள் பூட்டிக்கொள்ளும். பிறகு நிறத்தை ஊற்று, நூல் உள்ள இடத்தில் மட்டும் ஏறும். நீ பூட்டாமல் ஊற்றியிருக்கிறாய். நிறத்தை மாற்றும் ஹ்யூவை நகர்த்திப் பயனில்லை, வெள்ளையில் அது ஒட்டாது. பின்னணி கறுப்பாகவும் லேஸ் அடர் மஞ்சளாகவும் இருக்கட்டும்.

நீ கேட்டது இவ்வளவுதான்.

என் முகத்தை அதில் வைக்காதே. புருஷனென்று இருந்த கிரிதர் அடித்துக் கிழிந்த உதட்டோடு உங்களிடம்தான் ஓடி வந்தேன். மூன்றாம் நாள் என்னைச் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் சென்னை வண்டியில் ஏற்றி, "அனுசரிச்சுண்டு போ" என்றார் அப்பா. அன்று அவருக்கு இரண்டு கண்ணும் தெரிந்தது. நீ புளியோதரை கட்டிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து நானாகத்தான் தப்பித்தேன்.

சாதனா


டாலிகஞ்ச்,
24 ஜூன் 2024

சாதனா,

உன் பேச்சைக் கேட்கவில்லை. உன் முகத்தைத்தான் வைத்தேன்.

கரியாஹாட் கடையில் பெரிதாக அச்சடித்து வந்து அவர் மடியில் வைத்தேன். மஞ்சள் விளிம்பைக் கண்டுபிடித்துவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டே போய், மூக்கு தாளில் உரச, துண்டு துண்டாக உன்னைப் பார்த்தார். முதலில் காது. அப்புறம் கண். "யாருடி இது?" என்றார். சொன்னேன். கவிழ்த்து வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவரே கேட்டு வாங்கினார். வெகுநேரம் கழித்து, "அன்னிக்கு அவ உதட்டைப் பார்த்தேன் வசு. பார்த்துண்டேதான் டிக்கெட் எடுத்தேன்" என்றார். கல்யாணமான இந்த முப்பத்தொரு வருஷத்தில் அவர் அப்படிக் குலுங்கி அழுது நான் பார்த்ததில்லை.

நானும் பார்த்தேன் சாதனா. பார்த்துவிட்டுத்தான் சமையலறைக்குப் போனேன். புளியைக் கரைத்துக்கொண்டே, எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

ஆல்பத்தைப் புரட்டுவது போல, அடுத்த பக்கம் எங்கே என்று தினமும் கேட்கிறார். அந்த ரயிலுக்குப் பிறகு எடுத்த போட்டோ என்னிடம் ஒன்றுகூட இல்லை. உன் தளத்தில் இருந்த அந்த ஒரு படம்தான். ஏதாவது அனுப்பு, மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

அம்மா


டாலிகஞ்ச்,
22 ஜூலை 2024

கண்ணம்மா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தினமும் பத்துத் தடவை மெயில் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, "ஏன் இன்னும் ஜன்னல் திறக்கலே?" என்று கேட்டார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. டாக்டரிடம் ஓடினோம். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

இனி போட்டோ வேண்டாம். மஞ்சளும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம். போட்டோஷாப்பை மூடி வைத்துவிட்டேன். அவர் சாப்பிட மறுக்கிறார். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. திட்டியாவது நாலு வரி எழுது.

அம்மா


ஹாமில்டன்,
1 ஆகஸ்ட் 2024

அம்மா,

போட்டோ அனுப்பாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. அந்த வீட்டிலிருந்து தப்பித்த பிறகு முதல் இரண்டு வருஷம் நான் படமே எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக்கூடத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன், வரவில்லை. வராததை எழுதி அனுப்ப மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உங்கள் நேரம் ஏழு மணிக்கு, நான் போன் செய்கிறேன். எடுத்து அப்பா காதில் வைத்துவிட்டு நீ பால்கனிக்குப் போய்விடு. நடுவில் பேசாதே, அவருக்காக எதுவும் சொல்லாதே.

நான் பேச ஆரம்பிக்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் வைக்காமல் காத்திருப்பேன். அவர் முதலில் பேசட்டும்.

சாதனா