குளியலறை மூலையில் நின்ற தண்ணீர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலமாக இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்திக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, சந்தோஷமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று இரண்டு திருத்தம் சொல்கிறாள், அதற்குள் நீ வேலைக்குக் கிளம்பிவிடுகிறாய். இது யாருடைய திருத்தமும் இல்லாமல் நானே சொல்ல வேண்டிய விஷயம். தங்கை ஏன் உங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று போன வாரம் கேட்டாயே, தப்பு என் பேரில்தான். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதலில் உன் பழைய கோபத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தை விட வைத்துவிட்டீர்களே, இன்னும் ஒரு வருஷம் தள்ளியிருந்தால் எப்படியாவது தேறியிருப்பாளே என்று எழுதியிருந்தாய். அந்த எப்படியாவதுதானம்மா அவளை அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்து நடுவழியில் விட்டது. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு டீச்சர் பாவம் பார்த்து நாலு மதிப்பெண் கூட்டிப் போட்டு அடுத்த வகுப்புக்கு அனுப்பினார்கள். வீட்டுப்பாடத்தை நீ எழுதிக் கொடுத்தாய், எழுத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். ஒன்பது வருஷம் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன், நல்ல பிள்ளை, ஒரு தொந்தரவும் கிடையாது என்பதைத் தவிர அவளைப் பற்றி ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல இருந்ததில்லை. கடைசிப் பரீட்சையில் கேள்வித்தாளை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மணி நேரமும் தன் பெயரை மட்டும் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு உன் அம்மா அழுதாள், நான் என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியைச் சுத்தம் செய்தேன். அதற்கப்புறம்தான் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற அம்மா இந்தத் தொழிற்பயிற்சி மையத்தின் விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள்.

தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டுகிற வேலையை அவளேதான் தேர்ந்தெடுத்தாள். பெண்பிள்ளைக்கு இந்த வேலையா என்று உன் அத்தை முகத்தைச் சுளித்தாள், அவள் வீட்டு மாடிப்படியில் மூன்று டைல்ஸ் பெயர்ந்து கிடப்பதை ஞாபகப்படுத்தினேன், அதோடு பேச்சை மாற்றிவிட்டாள். மையத்தில் பாடம் சொல்ல ஆட்கள் இருந்தாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தொழிலில் இருக்கிற ஒருவரைத் துணைக்குப் போட்டுவிடுகிறார்கள். சின்னவளுக்கு வாய்த்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், எல்லோருக்கும் அவள் மேஸ்திரி அக்கா. வாரத்தில் இரண்டு நாள் தான் வேலை பார்க்கிற கட்டிடங்களுக்கு இவளைக் கூட்டிப்போகிறாள். அவளும் படிப்பைப் பாதியில், எட்டாம் வகுப்போடு, விட்டவள்தானாம். முதல் மாதத்திலேயே நம் வீட்டில் பேச்சு மாறிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் சின்னவள் தரையை விரலால் தட்டிப் பார்த்து, இங்கே அடியில் காலியாக இருக்கிறது என்கிறாள். கடைக்குக் கூட்டிப்போனால் பொருளைப் பார்க்காமல் கீழேயே பார்த்து நடக்கிறாள். முன்பும் தலை குனிந்து நடக்கிற பெண்தான், இப்போது அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று உன் அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அங்கே ஒரு விதி. முதல் பருவம் முடிய ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு வீட்டில் சின்னதாக ஒரு தரையைத் தனியாகப் போட வேண்டும். வீட்டுக்காரர்கள் பத்து நாள் அதைப் புழங்கிப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் குறை நிறை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தத் தாள் சரியாக இருந்தால்தான் இரண்டாம் பருவம், மேஸ்திரி அக்காவின் குழுவில் ஓர் இடம். நம் குளியலறையில் சிமெண்ட் பெயர்ந்து கிடந்ததால் அதையே எடுத்துக்கொண்டாள். ரசமட்டம் என்று ஒரு கருவி வைத்திருக்கிறாள், தரை மட்டமாக இருந்தால் அதற்குள் இருக்கிற நீர்க்குமிழி நட்டநடுவில் நிற்கும். குளியலறைத் தரை மட்டமாக இருக்கக் கூடாது, தண்ணீர் வெளியேறும் பக்கம் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும், மற்ற இடமெல்லாம் ஒழுங்காகச் சரித்துத்தான் போட்டிருந்தாள். குழாய்க்கு அடியில் இருக்கிற மூலையில் மட்டும், குமிழி ஓரமாக நிற்கிறதே என்று மனசு கேட்காமல் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று அச்சுப் பிசகாமல் வந்திருக்கிறது, அதை எப்படிக் கலைப்பாள்?

முதலில் குளித்தவன் நான். குளித்து முடித்ததும் பார்த்தேன், அந்த மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. கதவைத் திறந்தால் அவள் வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். அந்த முகத்தை நீ பார்த்திருந்தால் நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். பிரமாதம் என்றேன். சொல்லிவிட்டுப் பெரிய தண்ணீர் டிரம்மை அந்த மூலைக்கு நகர்த்தி வைத்தேன். அதிலிருந்து பத்து நாளும், ஒவ்வொருவரும் குளித்துவிட்டு வந்ததும் நான் ஒரு கந்தல் துணியோடு உள்ளே போய், டிரம்மை இழுத்து, குந்தி உட்கார்ந்து துடைத்தேன். முழங்காலுக்கு வந்தது இதனால்தான். இருபத்தெட்டு வருஷத்தில் துடைப்பத்தைத் தொடாத மனுஷன் திடீரென்று குளியலறையே கதியென்று கிடக்கிறாரே, டாக்டரிடம் காட்டலாமா என்று உன் அம்மா பக்கத்து வீட்டில் கேட்டாளாம். பிஸ்கட் ஃபாக்டரியில் நான் எடை பார்க்கிறவன், பாக்கெட்டில் இரண்டு கிராம் குறைந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவன், உனக்கே தெரியும். அந்தக் கைதான், தண்ணீர் எங்கும் தேங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. அவள் தேறிவிட்டாள். உனக்கும் படம் அனுப்பினாள், நீயும் சூப்பர் என்று போட்டு நாலு இதயம் அனுப்பினாய்.

இரண்டு நாள் கழித்து ஒரு விடுமுறைக் காலையில் டிரம்மை இழுத்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பழக்கம் விடவில்லை பார். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் பல் தேய்த்தபடி அவள் நிற்கிறாள். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டாள். முதல் நாளிலிருந்து என்றேன், அதற்கு மேல் பொய் சொல்ல வரவில்லை. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்தத் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தாள். “ஸ்கூல்லதான் பாவம் பார்த்து பாஸ் போட்டாங்க. நீங்களுமாப்பா?” என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இந்த வயதில் எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்ததில்லை அம்மா.

மறுநாள் அவளே மையத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். மேஸ்திரி அக்கா வந்தாள், ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள், பார்த்தாள், சின்னவளை ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினாள். “ஐயா, வேலைய நான் சொல்லித் தந்துருவேன். தண்ணி எங்க நிக்குதுன்னு புழங்குறவங்கதான் சொல்லணும். நீங்க அதைத் துடைச்சிட்டா நான் எதை வச்சு சொல்லித் தர்றது?” என்றாள். தாள் ரத்து. குழுவில் அவளுக்கு வைத்திருந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது, அடுத்த இடத்துக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது, பிள்ளையைத் தண்டிக்காதீர்கள் என்று மையத்தின் தலைவியிடம் கெஞ்சப் போனேன். உங்கள் பெண் உங்களுக்கு முன்பே வந்து, ‘நானே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும், அப்பா எழுதியதை நம்பினது என் தப்பு’ என்று சொல்லிவிட்டுப் போனாள் என்றார்கள். என்னை நம்பியது தப்பு என்று என் பிள்ளை வெளியே போய்ச் சொல்லியிருக்கிறாள், அதுவும் எனக்காகப் பரிந்து.

அந்த மூலையை அவளே பெயர்த்தாள், பதினோரு டைல்ஸ். உடைசலை அள்ளிப் போடவாவது வருகிறேன் என்று போனால், நீங்கள் வீட்டுக்காரர், வெளியே இருங்கள் என்று அனுப்பிவிட்டாள். புதிதாகப் போட்டு மறுபடி பத்து நாள். இந்தத் தடவை டிரம்மை வெளியே வைத்தோம், தண்ணீர் மூலையை விட்டு ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க உன் அம்மா வேண்டுமென்றே ஊற்றி ஊற்றி விளையாடினாள். ஆனால் மூலையைப் பெயர்க்கும்போது அதிர்ந்ததோ என்னவோ, கதவோரத்தில் ஒரு டைல் நகத்தின் கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, உள்ளே நுழையும்போது கால் தட்டுகிறது. சின்னவள் கவனிக்கவில்லை. இரண்டு நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக. எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. எழுதினால் இன்னொரு தடவை அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசியில், கதவோரம் ஒரு டைல் தூக்கியிருக்கிறது, கால் தட்டுகிறது என்று எழுதிக் கொடுத்தேன். வழக்கம்போல வரிக்கு அடியில் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள், இரண்டு தடவை. எழுந்து போய் வெறுங்காலால் அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தாள். திரும்பி வந்து, ஆமாப்பா, தட்டுகிறது என்றாள். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான். மறுநாள் அந்த டைலை எடுத்துவிட்டு வேறு வைத்தாள், இப்போது அந்தத் தாள் மையத்தில் இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று, நோய் நொடி அண்டாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். கண்ணைக் கெடுத்துக்கொண்டு வேலை பார்க்காதே, வாரம் ஒரு நாளாவது ஓய்வெடு. உன் அம்மா தனியாக எழுதுகிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்கிறாள், அது வரும்போது வரும். கடைசியாக ஒன்று. சின்னவள் இப்போது சமையலறைச் சுவரில் அடுப்புக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் உனக்குப் படம் அனுப்புவாள். அதில் ஓர் இடத்தில் பிசகு இருக்கிறது. எங்கே என்று நான் சொல்லப்போவதில்லை, படத்தைப் பெரிதாக்கி நீயே தேடிக் கண்டுபிடித்து அவளுக்கு எழுது, இதயத்தையெல்லாம் அதற்கப்புறம் அனுப்பு. அக்கா கண்ணில் பட்டதை மறைக்காமல் சொல்வாளாப்பா என்று நேற்றுக் கேட்டாள். சொல்வாள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்னை மறுபடியும் பொய்யனாக்கிவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா