கையைக் கட்டி நின்ற வகுப்பு

ஆனி 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். விறகெல்லாம் ஈரம். மரவள்ளிக்கிழங்கை அரைவேக்காடாகத் தின்றுவிட்டுப் போனேன். வயிறு கடமுட.

வியாழக்கிழமை ஜப்பான் அதிகாரி பள்ளிக்கு வருகிறாராம். அவர் தலையை ஆட்டினால் எனக்கு வாத்தியார் சீட்டு. சீட்டு இருந்தால் லாரியில் ஏற்ற மாட்டார்கள். இல்லையா, சயாம் ரயில் பாதை போடத்தான் கொண்டுபோவார்கள். வீட்டில் மரகதம் ஏழு மாதக் கர்ப்பம்.

மளிகைக்கடை ராவுத்தர்: "செங் பக்கம் ரப்பர் தோட்டத்துல நேத்து ஆள் பிடிச்சிட்டானுங்களாம் வாத்தியாரே. படம் காட்டுறோம்னு கூப்பிட்டு, அப்படியே ஏத்திட்டானுங்க."

செய்ய வேண்டியது: ஜப்பான் எழுத்து இன்னொரு தடவை. சட்டைப் பொத்தான். செருப்பு வார். உப்பு (கிடைத்தால்).

ஆனி 8, செவ்வாய்

வெயில். புழுக்கம்.

என் வகுப்பில் சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், இந்த காஜா பேராங் வட்டாரத்துச் செட்டி வீட்டுப் பிள்ளைகள் (பூர்வீகம் தமிழ், வீட்டில் பேசுவது மலாய்), எல்லாம் உண்டு. சண்டைக்கு முன்னால் இவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். இப்போது நேற்று நான் கற்ற ஜப்பான் பாடத்தை இன்று இவர்களுக்குச் சொல்கிறேன். வெட்கக்கேடு.

அதிகாரி எதிரே பிள்ளைகள் கண்டபடி கையை வீசிக்கொண்டு நின்றால் என் பிழைப்பு போச்சு. குனிந்து வணங்கி நிமிர்ந்ததும் கையைக் கட்டி நிற்கப் பழக்கினேன். மௌல்மீனில் பர்மியப் பள்ளியில் படித்தபோது குரு முன்னால் அப்படித்தான் நிற்போம். அப்பாவும் அரிசி ஆலை முதலாளி முன்னால் அப்படித்தான். கப்பலேறி இந்த மலாய் நாட்டுக்கு வந்து, படித்து, வாத்தியாராகியும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

லெட்சுமி, நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரச் செட்டி அம்மாவின் மகள். முன்வரிசைப் பொடிசு. பெயர்தான் லெட்சுமி, தமிழ் ஒரு வார்த்தை வராது. கை கட்டவும் தெரியவில்லை, இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று சிரித்து.

ஆனி 10, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அதிகாரி வந்தார். கூடவே மலாய் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். பிள்ளைகள் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், மொத்த வகுப்பும் ஒரே மாதிரி கையைக் கட்டியது. அழகாகத்தான் இருந்தது. அதிகாரியின் முகம் கறுத்தது. நேரே வந்து லெட்சுமி கன்னத்தில் பளார்.

"பெரியவர் எதிரே கையைக் கட்டுறீங்களா? திமிரா?" என்று மொழிபெயர்ப்பாளர் மலாயில் கத்தினார். அவர்கள் ஊரில் அது திமிராம். எனக்கென்ன எழவு தெரியும்! அந்தப் பிள்ளை அழுகிறாள், ஆனால் கையைப் பிரிக்கவில்லை. என்ன ஆனாலும் பிரிக்கக்கூடாது என்று நான்தானே சொல்லிவைத்தேன். பாவி நான்.

அடுத்த பிள்ளைக்குக் கை ஓங்கியாயிற்று. குறுக்கே போய் நின்றேன். எனக்கும் விழுந்தது. "நான் சொல்லிக்கொடுத்தது. மரியாதைக்காக. நான் படித்த பர்மாவில் குரு முன்னால் இப்படித்தான் நிற்பார்கள்" என்று மலாயில் உளறினேன்.

"பர்மா?" ஓங்கிய கை இறங்கியது. அரைகுறை பர்மிய மொழியில் என் பெயரைக் கேட்டார். அங்கே இருந்தவர் போல. நானும் யோசிக்காமல் பர்மிய மொழியிலேயே பதில் சொன்னேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன். சிரித்தார். என் தோளில் தட்டினார். பிள்ளைகளை விட்டுவிட்டார்.

ஆனி 11, வெள்ளி

மழை. உத்தரவு வந்துவிட்டது. ரயில் பாதையின் பர்மா முனையில், முகாமில், நம் ஆட்களுக்கும் பர்மாக்காரர்களுக்கும் நடுவே பேச ஆள் வேண்டுமாம். ஞாயிறு காலை லாரி. வாத்தியார் சீட்டு பற்றிப் பேச்சே இல்லை.

மரகதம்: "வாயை மூடிட்டு நின்னுருக்கக் கூடாதா நீங்க? ஊரான் பிள்ளைக்கு ஒரு அடி விழுந்தா விழுது. நம்ம பிள்ளைக்கு அப்பன் வேணாமா?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே போனவன் எவனும் திரும்பி வந்ததாகக் கேள்வியில்லை.

செட்டி அம்மா வந்தார். "சபார், சிக்கு, சபார்", பொறுங்கள் வாத்தியாரே என்று மலாயில் சொல்லிவிட்டு, அவரே பொறுக்காமல் அழுதார். பிரசவம் தன் வீட்டிலேயே ஆகட்டும், தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மரகதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

ஆனி 13, ஞாயிறு

மப்பு. மழை இல்லை.

மூட்டை: வேட்டி இரண்டு, போர்வை, தட்டு, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொஞ்சம் கொய்னா மாத்திரை (ராவுத்தர் கொடுத்தது, காசு வாங்க மறுத்துவிட்டார்), சட்டை. சட்டையில் பொத்தான் தைத்திருக்கிறது. மரகதம் எப்போது தைத்தாள் தெரியாது. இன்னும் என்னோடு பேசவில்லை. இந்த நோட்டு அவளிடம் இருக்கட்டும்.

முக்கில் லாரி. ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான்.

வாசலில் லெட்சுமி. கன்னம் இன்னும் வீங்கியிருக்கிறது. கையைக் கட்டி நிற்கிறாள், இந்தத் தடவை சரியாக.

"வேணாம்மா, கையை இறக்கு. எவனாவது பார்த்துடப் போறான்" என்று மலாயில் சொன்னேன்.

இறக்கவில்லை.