செத்தவன் மேல் போட்ட பழி

2025 ஜூன் 3, செவ்வாய்

வெம்பக்கோட்டை மேட்டில் முதன்முதலாகக் குழி வெட்டிப் பழங்காலச் சங்கு வளையல் எடுத்தார்களே, அந்த வருடம். கொரோனா ஓய்ந்து கம்பெனிகளில் ஆர்டர் குவிந்ததும் அந்த வருடம்தான். தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை, காலை ஒன்பதே கால். கோட்டைச்சாமி செத்தான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. பேசினால் போனே எழுதிக்கொள்ளும்படி என் மகள் இசைவாணி செய்து கொடுத்திருக்கிறாள். அது என்ன எழுதுகிறதென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இதனிடம் சொல்ல முடிகிறது.

ஜூன் 5, வியாழன்

இசைவாணிக்கு வீட்டிலிருந்தே வேலை. சென்னைக் கம்பெனி அனுப்புகிற வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைத் தமிழில் மாற்றுகிறாள். இப்போது வந்திருப்பது கூலிப்படை விளையாட்டு. அறுநூறு வருடத்துக்கு முந்திய சீமை. நிலமில்லாதவர்களை ஊர் ஊராகச் சேர்த்து, ஈட்டியைக் கையில் கொடுத்து, எவன் கூப்பிடுகிறானோ அவனுக்காகச் சண்டைக்கு அனுப்ப வேண்டும்.

"ஆள் சேத்து வேலைக்கு விடுறவனுக்கு நம்ம பக்கம் என்னப்பா பேரு?"

"போர்மேன்னு போடு."

விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இருபத்தாறு வருடம் பட்டாசு ஆலையில் போர்மேன் சங்கிலிமுத்து என்றால் நான்தான்.

ஜூன் 9, திங்கள்

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் காலத்தில் இருந்தபடியே எல்லாம் செய்திருக்கிறார்களாம். நிஜம்தான். சேறு சரியாக இருக்கிறது, கிழிந்த சட்டை சரியாக இருக்கிறது. ஒருவன் செத்தால் பெயர் ஒரு வரி வந்து மறைகிறது. அடுத்த ஊரில் வேறு ஆள் நிற்கிறான்.

"செத்தவன் வீட்டுக்குப் போக முடியுமா தாயீ?"

"வழி இல்லப்பா. அத அவுக செய்யவே இல்ல."

பிறகு ஓர் இடம் வந்தது. நம் ஆட்கள் ஒரு கிராமத்தைக் கொளுத்திவிட்டார்கள். யார் செய்தது என்று அரசன் கேட்கிறான். நான்தான் உத்தரவு போட்டேன் எனலாம். தெரியாது எனலாம். செத்துப்போன ஒருவன் பெயரைச் சொல்லலாம்.

"நீங்கதான் தலைவரு. சொல்லுங்க."

நினைக்கவே இல்லை. செத்தவன் பெயரைச் சொல்லு என்றேன்.

"எல்லாரும் இதத்தான் அமுக்குறாக. பாருங்க, பேரும் குறையல, ஆளும் குறையல. நெசத்துல அப்படியா? அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பாள்ல? இது பொய்யின்னு எழுதி அனுப்பப் போறேன்."

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கு அவள் பக்கத்தில் போய் உட்காரவில்லை.

ஜூன் 14, சனி

சொல்லிவிடுகிறேன். கலந்த வெடிமருந்தை அன்றன்றைக்கே முடிக்க வேண்டும். மிஞ்சினால் அழித்துவிட வேண்டும். பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். முதல் நாள் மழை வந்து வேலை நின்றது. அரைச் சட்டி மிச்சம். சாக்கைப் போட்டு மூடச் சொன்னது நான்.

காலையில் கோட்டைச்சாமி சட்டியைத் தொட்டுப் பார்த்தான். "அண்ணாச்சி, கதகதன்னு இருக்கு. ஈரம் பட்டிருக்கு. கொட்டிருவோம்."

"ஏலே, நீ போர்மேனா நான் போர்மேனா? லோடு நிக்கிது. கையை வையி."

டீ குடிக்க ஆலை வாசல் பக்கம் நடந்தேன். பாதி வழியில் சத்தம்.

கோட்டைச்சாமி மருந்தைத் தப்பாகக் கலந்தான் என்று கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொண்டுவந்தார்கள். எழுத்துத் தெரியாதவன், ஏமாற்றிவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு தடவை படித்துக் காட்டினார்கள். புரிந்துதான் கைநாட்டு வைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

குழாயடி வழியாக வந்தேன். கோட்டைச்சாமியின் மனைவி மாரித்தாய் குடத்தோடு வந்ததும் பெண்கள் தங்கள் குடங்களைத் தள்ளி வைத்தார்கள். வெடியில் மகள் பொன்மணியைப் பறிகொடுத்த இருளம்மாள், "கொள்ளி வச்சவன் பொண்டாட்டி வாரா, வழிய விடுங்கடி" என்றாள். இது இன்று நேற்று நடப்பதா? மூன்று வருடமாக நடக்கிறது. எந்தக் கம்பெனி வேனும் அவளை வேலைக்கு ஏற்றிப்போவதில்லை. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டே கடந்து வந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

மாரித்தாய் வீட்டுக்குப் போனேன். தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பசைக்கையைத் துடைக்கக்கூட இல்லை.

"அவரு கை சுத்தமான கைன்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? எனக்கெதுக்குச் சொல்லுதீக? குழாயடியில வந்து சொல்லுங்க."

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த அட்டையை எடுத்துவிட்டாள்.

ஜூன் 21, சனி

சொல்லிவிட்டேன். அத்தனை பெண்களுக்கும் முன்னால்.

மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று நினைத்தேன். தண்ணீர் நிரம்பி வழிகிறது, குழாயை மூட ஆளில்லை. இருளம்மாள்தான் பேசினாள்.

"மூணு வருசமா அவளை என்னென்ன சொன்னேன்... அறுதலின்னேன், வெளங்கமாட்டன்னேன். அந்தப் பாவத்த நான் எங்கன கொண்டுபோய்ப் போடுவேன்? எம் பிள்ளைய தின்னது பத்தாதுன்னு என் வாயையுமாய்யா கெடுத்த?"

ஐயோ, இதை நான் நினைக்கவே இல்லையே. செத்தவன் மேல்தானே போட்டேன் — உயிரோடு இருக்கிறவர்கள் மேலெல்லாம் விழுந்து கிடக்கிறதே.

ஜூன் 22, ஞாயிறு

இசைவாணி தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பொன்மணியும் அவளும் ஒரே வகுப்பு.

ஜூன் 24, செவ்வாய்

அவள் விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதி அனுப்பியதற்குப் பதில் வந்ததாம். செத்தவன் வீட்டுக்கெல்லாம் போகவிட்டால் ஆடுகிறவர்களுக்குச் சலித்துப்போகுமாம். சுவரைப் பார்த்துச் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாளா?

ஜூன் 27, வெள்ளி

போலீசுக்குக் கொடுக்க வாக்குமூலம். வேறு யாரும் எழுத வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று இசைவாணி பேப்பரோடு வந்து உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மென்மையாக்காமல் எழுதினாள்.

"அன்னைக்குக் கோட்டைச்சாமி வேணாம்னு சொன்னத யார் யாரெல்லாம் கேட்டது?"

அப்பா என்று சொல்லவில்லை. ஆறு நாளாகச் சொல்லவில்லை.

பொன்மணி கேட்டாள். அங்கேயே போய்விட்டாள். கண்ணுச்சாமியும் அங்கேயே. பொன்னுத்தங்கம் ஒன்பதாம் நாள், மதுரை ஆஸ்பத்திரியில். சொன்னவன் கோட்டைச்சாமி, அவனும் இல்லை.

"கேட்டவங்கள்ல இப்ப உயிரோட இருக்கறது?"

அவளுக்குத் தெரியும். பேனாவைப் பேப்பரில் வைத்து, நான் என் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"சங்கிலிமுத்து" என்றேன்.