கூடத்துப் புகைபோக்கியைப் பூசிய கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமென்றால் எங்களுக்கு அதுவே போதும். எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை, தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நம் கூடத்து நடுவில் செங்கல் புகைபோக்கி நிற்கிறதே, குளிருக்குக் கணப்பு எரிப்பதை விட்டு வருஷக்கணக்காகியும் அது மட்டும் சொரசொரவென்று நின்றது. அம்மாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல் என்று போனில் சொன்னேன், கொஞ்சமில்லையம்மா, ஆள் நிற்பது மட்டும்தான் தெரிகிறது, உன்னிடம் சொல்ல அவள் விடவில்லை. அந்தச் செங்கலில் உரசி அவள் விரல்நுனியெல்லாம் சிராய்ப்பு. வழவழவென்று பூசிவிடலாம் என்று நானாக முடிவு கட்டினேன். பெயின்ட் கடைக்காரர், மேல மாவு பூசி நேரா பட்டி பாத்துடலாம் சார் என்றார். உன் சித்தப்பா, கம்பி வலை அடிக்காம பூசினா உதிர்ந்துடும்ணே என்றான். கொத்தனாரோ, கரியைச் சுரண்டாம எதைப் பூசினாலும் மஞ்சளா கசியும் என்றார். யார் சொல்வது சரியென்று விளங்காமல் மூன்றையும் செய்யச் சொல்லிவிட்டேன். தூசிக்குப் பயந்து அம்மாவை உன் சித்தி வீட்டில் விட்டிருந்தேன். சுரண்டி, வலை அடித்து, சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடித்துக்கொள்ளக் கூடாதென்று மூலைகளைக்கூட மழுக்கி உருட்டிவிட்டோம். பார்த்தவர்களெல்லாம் ஜோர் என்றார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை.

அம்மா திரும்பி வந்து அதில் கை வைத்தாள், சுற்றி வந்தாள், மறுபடியும் சுற்றி வந்தாள். சமையலறைக்குப் போக வேண்டியவள் பின்வாசல் படியில் காலை வைத்துவிட்டாள், ஓடிப்போய்ப் பிடித்தேன். ஏங்க, நான் எங்க நிக்கறேன் என்று கேட்டாள். பிறகுதான் சொன்னாள், உடைஞ்ச கல்லு வந்தா சமையலறை, துருத்தின கல்லு வந்தா படுக்கையறை, அதைத் தடவித்தான் நடப்பேன் என்று. தெரியாமல் உரசுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன், என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அன்றிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை, தண்ணீருக்குக்கூட என்னைக் கூப்பிடுகிறாள். எனக்குத் தாங்கவில்லையம்மா. நேற்று சுத்தியலை எடுத்துக்கொண்டு, எந்த இடம் சொல்லு, உடைத்துவிடுகிறேன் என்றேன். இங்க என்றாள், இல்லை இங்க என்றாள், அப்புறம் பூச்சின் மேல் உள்ளங்கையால் துழாவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கொத்தனார் வேறு, கண்ட இடத்துல தட்டினா மொத்தமா பேத்துக்கிட்டு வரும் என்று பயமுறுத்துகிறார்.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசிகள். குழந்தையை ஈரத் தலையோடு தூங்க விடாதே. உன் கல்யாணப் போட்டோக்கள் கூடத்தில் எடுத்தவைதான், பெரிதாக்கிப் பார்த்து உடைந்த கல் எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை என்று மறக்காமல் எழுது. போனில் சொல்லாதே, அவள் பக்கத்திலேயே இருக்கிறாள். என்ன எழுதுகிறேன் என்று இப்போது கேட்கிறாள், அம்மா சௌக்கியமா இருக்கான்னு எழுதுங்க என்கிறாள். எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா