வெண்மதி எழுதிய டெம்போ கட்டுரை

மாரண்டஹள்ளி
9.1.2025

மகள் வெண்மதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம் என்று எழுதுவது முறையாம், எழுதிவிட்டேன்.

நீ போனை எடுப்பதில்லை. எட்டாவதோடு கீழே போட்ட பேனாவை எடுத்திருக்கிறேன். பிழை இருந்தால் வாத்தியாரைத் திட்டு.

உன் தொழில் பத்திரிகை இன்னும் நம் வூட்டுக்கே வருகிறது. கம்பெனிக்கு என்ன கெடுதல் வரலாம் என்று முன்னாலேயே சொல்ல உனக்குச் சம்பளம். அதற்கொரு பத்திரிகை வேறு! இங்கிலீஷ் பக்கத்துக்குப் போனைக் காட்டினால் தமிழில் சொல்கிறது. ‘ரிஸ்க் அப்பிடைட்’ என்று இருப்பதை ‘ஆபத்துப் பசி’ என்கிறது. எனக்குத் தெரிந்தது சோற்றுப் பசிதான். பக்கத்தைத் திருப்பினால் உன் பெயர். உன் தம்பி அன்புவின் டெம்போ கதை.

அடுத்த மாதம் தம்பிக்கு வருசத் திதி. வருவாயா கண்ணு?

அப்பா

பெங்களூரு
17.1.2025

அப்பாவுக்கு,

டெம்போவுக்குப் பூசை போட்ட அன்று, “பிரேக்கைப் பாத்துட்டு லோடு ஏத்துடா, தொப்பூர் எறக்கம்” என்றேன். அந்த இறக்கத்திலேயே பிரேக் போய்த் தம்பி செத்தான். “நீ வாய வெச்சதாலதான்டி போனான்” என்று அம்மா சொன்னாள்.

ஆபீசிலும் கெட்டதைச் சொல்கிறவளோடு யாரும் சாப்பிட உட்காருவதில்லை. அந்தப் பத்திரிகையில் என்னைப் போன்றவர்கள் தங்களுக்கு நடந்ததை எழுதுகிறார்கள். எப்படிச் சொன்னால் எடுபடும், எங்கே தவறியது என்று. அதைப் படித்துத்தான் மறுநாள் வேலைக்குப் போகிறேன். என் கட்டுரையைப் படித்துவிட்டு, கென்யாவிலிருந்து ஒரு பெண் எழுதினாள்: எங்கள் லாரிகளை நிறுத்தி பிரேக்கைச் சோதித்தோம் என்று. அன்றைக்குத்தான் தம்பிக்காக அழ முடிந்தது.

அம்மா கூப்பிட்டால் வருகிறேன்.

வெண்மதி

மாரண்டஹள்ளி
28.1.2025

கண்ணு வெண்மதி,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். “அவ வாசப்படி ஏறுனா நான் எறங்கிருவனுங்க” என்றாள். சண்டை போட்டேன். வழக்கம்போல் தோற்றேன். திதிக்கு வராதேம்மா.

ஒன்று மட்டும் செய். கட்டுரையில், ‘வீட்டார் பேசாமல் இருந்தார்கள்’ என்று எழுதியிருக்கிறாய். அப்பன் மானத்தைக் காப்பாற்றினாயா? அன்றைக்கு நீ பிரேக்கைப் பார்க்கச் சொன்னதும் நான் என்ன சொன்னேன்? “கம்பெனி சம்பளத்துக்கு வூட்லயும் வேல பாக்கறா பாருங்கடா!” எல்லாரும் சிரித்தார்கள். அன்புவும் சிரித்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தான்.

அதைத் திருத்திப் போடச் சொல். கென்யாக்காரப் பெண்ணுக்கும் அது தெரிய வேண்டும். அவள் எச்சரிக்கும்போது எவனாவது ஜோக் அடித்தால், அந்த ஆளை முதலில் வெளியே அனுப்பட்டும்.

என் பெயரோடு போடு.

மாது